விழாக்களத்தில் நிழற்படம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு கலையின் வரலாற்றை இரு வகையாக எழுதலாம். அக்கலையைப் படைத்தவர்களையும் அவர்கள் கண்ட கருவிகளையும் காலநிரலாகத் தொகுத்துரைப்பது ஒரு வகை. அக்கலையை மக்கள் எவ்விடத்தில், எவ்வாறு, யாருடன் கூடி நுகர்ந்தனர் என ஆராய்வது மற்றொரு வகை. நிழற்படக் கலையின் வரலாறு பொதுவாக முதல் வகையிலேயே எழுதப்பெற்று வருகிறது. பிரான்சு நாட்டு நீப்ஸ், தகேர், இங்கிலாந்து நாட்டு டால்பட் ஆகியோரின் பெயர்கள் அதன் தொடக்கத்தில் நிற்கும். 1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தகேரின் செய்முறை பாரிசில் பொதுவில் அறிவிக்கப்பெற்ற நிகழ்ச்சி அதன் முதல் மைல்கல்லாக அமையும். பின்னர் உலோகத் தகடு, கண்ணாடித் தகடு, படச்சுருள், எண்ணிமம் என்று கருவிகளின் வளர்ச்சி விரியும். இவ்வரலாறு தேவையானதே. ஆயினும் படத்தைக் காண வந்த மக்களுக்கும், படத்தில் நிற்க விரும்பிய மக்களுக்கும் இதில் இடம் குறைவு.

படம் காண்பதைக் கூடிக் களிக்கும் செயலாகக் கொள்ளும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்திற்கு வழிபடச் சென்ற மக்கள் அங்கிருந்த ஓவிய மண்டபத்தில் திளைத்த காட்சியைக் காட்டுகிறது. அவர்கள் வாய்மூடி ஓவியங்களைக் கடந்து செல்லவில்லை. சுட்டிக் காட்டி, இவர் யாவர் என்று வினவுகின்றனர். உடன் வந்தோர் இரதியையும் காமனையும், அகலிகையையும் கௌதமனையும், பூனை வடிவில் ஒளிந்த இந்திரனையும் அடையாளங்காட்டி விடை கூறுகின்றனர். வினாவும் விடையும் சேர்ந்த பின்னரே அவ்வோவியம் முழுமை பெறுகிறது.

நிழற்படமும் விழாக்களங்களிலும் சந்தைகளிலும் இத்தகைய வாழ்வைப் பெற்றிருந்தது. அங்கே மக்கள் படத்தைத் தொட்டனர், திருப்பினர், துளை வழியே நோக்கினர், அதனுள் முகத்தை நுழைத்தனர், துப்பாக்கியால் சுட்டும் படம் பெற்றனர். விளையாட்டு என்று தள்ளப்பட்ட இச்செயல்களின் ஊடே ஒரு பெரிய வினா தொடர்ந்து வருகிறது. படம் எடுக்கப்பட்ட பின்னர் அது யார் கையில் தங்கியது என்பதே அவ்வினா. அதனைத் துணையாகக் கொண்டு இவ்வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேசைமேல் நகர்ந்த நகரம்

நிழற்படத்திற்கு முன்னோடியாக விளங்கியது ‘கேமரா அப்ஸ்கியூரா’ எனப்படும் இருட்டறை. ஒளி புகாத அறையொன்றில் சிறு துளையிட்டால், வெளியிலுள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். துளையில் வில்லையும் கூரையில் சாய்ந்த ஆடியும் பொருத்தினால் அக்காட்சியை அறையின் நடுவிலுள்ள வெண்மேசைமீது வீழ்த்தலாம். வேதிப்பொருளால் அக்காட்சியை நிலைநிறுத்தும் வழியறிந்த நாளே நிழற்படம் பிறந்த நாள் எனலாம். எனவே நிலைநிற்காத நிழற்படம் இது. ஆனால் நிலைநிற்கும் படத்திற்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. மேசையில் விழுந்த காட்சி அசையும்; உயிர்ப்புடன் இயங்கும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இதனைப் பொதுமக்களுக்குரிய காட்சியாக்கியவர் மரியா ஷார்ட் என்னும் பெண்மணி. 1835இல் அவர் கால்டன் குன்றின்மேல் மக்களுக்கென ஒரு வானோக்கு நிலையத்தை நிறுவினார். 1851இல் அக்கட்டடம் அகற்றப்பட்டது. அவர் மனந்தளரவில்லை. எடின்பரோக் கோட்டைக்குச் செல்லும் வழியில் பழைய மாளிகை ஒன்றின்மேல் புதிய மாடிகளை எழுப்பி, அதன் உச்சியில் இருட்டறையை அமைத்து, 1850களின் தொடக்கத்தில் மீண்டும் மக்களை வரவேற்றார். அறிவியற் கருவிகள் கற்றோர் அவைகளுக்கே உரியவை என்றிருந்த காலத்தில், அவற்றைப் பொதுமக்கள் முன் வைத்த முயற்சி இது.

1892இல் இக்கோபுரம் பாட்ரிக் கெட்டிஸ் என்னும் அறிஞரின் கைக்கு வந்தது. உயிரியல் பயின்று, பின்னர் நகரமைப்புச் சிந்தனையாளராகப் புகழ்பெற்றவர் இவர். கோபுரத்திற்கு வருவோரை இவர் முதலில் படிகளில் விரைந்து ஏற்றிச் சென்று உச்சியில் நிறுத்துவார். குருதி வேகம் பெற்ற நிலையில் நகரைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது அவர் கருத்து. அடுத்து இருட்டறையில், அதே நகரம் மேசைமேல் சிறிய வண்ணப்படமாக விரியும். பின்னர் ஓர் இருக்கை மட்டுமே கொண்ட சிற்றறையில் கண்டதை எண்ணிப் பார்க்கலாம். அதன்பின் ஒவ்வொரு தளமாக இறங்கும்போது, எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஆங்கில மொழி வழங்கும் நாடுகள், ஐரோப்பா, உலகம் எனக் காட்சிகள் விரிந்துகொண்டே செல்லும். தன் தெருவைக் கண்டவன் உலகைக் காண்பதற்கு வழி செய்த கல்விக்கூடம் அது.

அக்கோபுரத்தின் இருட்டறை இன்றும் மக்களை ஈர்த்து வருகிறது. வழிகாட்டுவோர் சிறுவர்கள் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுப்பர். கீழே தெருவில் நடந்து செல்பவரின் உருவம் மேசைமேல் எறும்பளவாக நகரும். தாளை அவ்வுருவத்தின்கீழ்ப் பிடித்து மெல்ல உயர்த்தினால், அந்த மனிதர் தாளின்மேல் ஏறி நடப்பதுபோல் தோன்றுவார். தாளைச் சற்றே வளைத்தால் வண்டிகள் பாலத்தில் ஏறி இறங்கும். ஒளியின் இயல்பு பற்றிய பாடம் இவ்வாறு கைவழியே கற்பிக்கப்படுகிறது. காட்சி எதுவும் களவாடப்படுவதில்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது. தாளை எடுத்துவிட்டால் தெருவில் நடந்தவர் தம் வழியே நடப்பார்; அவருடைய உருவம் எவரிடமும் தங்குவதில்லை.

வட்டமாக அமர்ந்து கண்டோர்

நிழற்படம் நிலைபெற்ற பின்னரும் விளையாட்டுத் தன்மை அதனை விட்டு அகலவில்லை. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழம் உணரும் என்பதை 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கினார். டேவிட் புரூஸ்டர் வில்லைகள் பொருத்திய கையடக்கமான இரட்டைப் படக்காட்டியை அமைத்தார். 1851இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் நடந்த உலகப் பொருட்காட்சியில் விக்டோரியா அரசியார் இதனைக் கண்டு வியந்ததன்பின், ‘ஸ்டீரியோஸ்கோப்’ எனும் இக்கருவி ஐரோப்பிய இல்லங்களில் பெருகிற்று. நூல்நிலையம் இல்லாத வீட்டிலும் இக்கருவியும் ஒரு பெட்டிப் படங்களும் இருந்தன.

இதனை ஊர்ப்பொதுவாக்கியவர் ஜெர்மானியரான ஆகஸ்ட் புர்மன். 1880இல் பிரெஸ்லாவிலும் 1883இல் பெர்லினிலும் இவர் ‘கைசர் பனோரமா’ என்னும் காட்சியை நிறுவினார். மரத்தாலான பெரிய உருளை ஒன்றைச் சுற்றி இருபத்தைந்து பேர் அமர்வர். ஒவ்வொருவர் முன்னும் இரு துளைகள் இருக்கும். உள்ளே வண்ணந்தீட்டிய கண்ணாடிப் படங்கள் ஐம்பது சுழன்றுகொண்டிருக்கும். ஒரு படம் நகருமுன் சிறு மணி ஒலிக்கும். இம்மணியோசையைச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் தம் பெர்லின் இளமை நினைவுகளில் பதிவு செய்துள்ளார். ஒரே வட்டத்தில் பலர் அமர்ந்திருந்தும் ஒவ்வொருவரும் தனித்தே பயணம் செய்த இக்காட்சியைத் திரைப்படம் விரைவில் வென்றது. எனினும் போலந்துத் தலைநகர் வார்சாவில் 1905 முதல் இயங்கிய இவ்வகை உருளை ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது.

தமிழக ஊர்த் திருவிழாக்களில் தலைச்சுமையாகவும் மிதிவண்டியிலும் வந்த ‘பயாஸ்கோப்புப் பெட்டி’ இவ்வுருளையின் ஏழை உறவு எனலாம். அதன் துளைகளில் கண் பதித்த சிறுவர்களுக்கு, பெட்டிக்காரரின் பாட்டும் சேர்ந்தே படமாயிற்று. காசு கொடுத்தவன் துளையில் நோக்க, காசு இல்லாதவன் பாட்டைக் கேட்டே பாதிப் படத்தைக் கண்டுவிடுவான்.

சந்தையில் கிடைத்த முகம்

மேற்கூறியவை மக்கள் பிறர் படத்தைக் கண்ட வகைகள். தம் படத்தைத் தாமே பெறும் வாய்ப்பும் அவர்களுக்குச் சந்தையிலேயே கிட்டியது. அதற்குமுன் தன் உருவத்தை எழுதுவித்துக் கொள்வது செல்வர்க்கே இயன்றது. 1850களில் மெல்லிய இரும்புத் தகட்டில் படமெடுக்கும் முறை தோன்றிற்று. அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்மித் 1856இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். தகடு உடையாது, விலை குறைவு, சில நிமிடங்களில் கையில் கிடைத்துவிடும். எனவே கூடாரமும் இருட்டுப்பெட்டியும் கொண்டு படக்காரர்கள் சந்தைதோறும் கடற்கரைதோறும் சென்றனர்.

சந்தைப் படக்காரர் விளையாட்டின் ஆற்றலை நன்கு அறிந்திருந்தனர். படக்கருவி முன் அமரும் எளியவர்க்கு அச்சமும் நாணமும் மிகுதி. அவற்றைப் போக்கச் சிரிப்பே சிறந்த மருந்து. பலகையில் பருத்த மனிதனையோ குதிரை வீரனையோ நீச்சலுடை அணிந்தவளையோ வரைந்து, முகம் இருக்கும் இடத்தில் துளையிட்டு வைத்தனர். அதில் முகத்தை நுழைத்தவர் ஒரு கணம் வேறொருவராயினர். இவ்வேடிக்கைப் பலகையைப் பரப்பியவராக அமெரிக்க ஓவியர் காசியஸ் கூலிட்ஜ் குறிக்கப்பெறுகிறார். சீட்டாடும் நாய்களை வரைந்து பெயர்பெற்றவர் இவரே.

முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியச் சந்தைகளில் ‘படச்சூடு’ என்னும் விளையாட்டு பரவியது. குறிசுடும் கடையில் இலக்கின் நடுவே குண்டு பட்டவுடன் படக்கருவியின் கதவு திறக்கும், ஒளி பளிச்சிடும். பொம்மைக்கு மாறாக, சுட்டவரின் படமே அவருக்குப் பரிசு. 1929இல் பாரிசின் ஒர்லேயான் வாயிலருகே நடந்த சந்தையில் தத்துவ அறிஞர் சார்த்தரும் எழுத்தாளர் சிமோன் த பொவ்வாரும் பெற்ற இத்தகைய படம் ஒன்று புகழ்பெற்றது. நெதர்லாந்து நாட்டுப் பெண்மணி ஒருவர் தம் இளமையில், 1936இல், இவ்விளையாட்டைத் தொடங்கி முதுமை வரை ஆண்டுதோறும் ஆடினார். போர்க்கால ஆண்டுகள் மட்டும் அத்தொடரில் விடுபட்டுள்ளன. துப்பாக்கி ஏந்திய அதே முகம் ஆண்டுக்காண்டு முதிர்வதும், பின்னால் நிற்கும் கூட்டத்தின் உடையும் முடியும் மாறுவதும் அப்படங்களில் காணக் கிடைக்கின்றன. எந்த வரலாற்றாசிரியரும் திட்டமிடாத ஒரு நூற்றாண்டுப் பதிவு அது. 2010இல் பிரான்சின் ஆர்ல் நகர நிழற்பட விழாவில் இவ்வகைப் படங்களுக்கெனத் தனிக் காட்சி ஒன்று அமைக்கப்பெற்றது. அவ்விழாவிலேயே பார்வையாளர்க்குக் குறிசுடும் கடையும் திறந்து வைக்கப்பட்டது பொருத்தமுடையதே.

இவ்வரிசையில் தானியங்கிப் படக்கூண்டும் அடங்கும். சைபீரியாவில் பிறந்த அனத்தோல் ஜோசப்போ 1925இல் நியூயார்க்கின் பிராட்வே தெருவில் இதனைத் திறந்தார். இருபத்தைந்து காசுக்கு எட்டுப் படங்கள் கிடைத்தன. திரைக்குப் பின்னே படமெடுப்பவர் எவரும் இல்லை. எவருடைய பார்வைக்கும் அஞ்சாமல் முகத்தைக் கோணலாம், நகைக்கலாம், இருவர் நெருங்கி அமரலாம். எப்போது, எவ்வாறு தோன்றுவது என்பதை முடிவு செய்யும் உரிமை அமர்ந்தவரிடமே சேர்ந்தது.

அளவுகோலாகிய படக்கருவி

இவ்விளையாட்டுகளின் பெருமையை உணர வேண்டுமாயின், அதே காலத்தில் இந்திய மண்ணில் படக்கருவி ஆற்றிய மற்றொரு பணியை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னையில் 1850களிலேயே நிழற்படக் கழகம் தோன்றிவிட்டது. சென்னை அரசின் நிழற்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 1858இல் இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி, பத்தொன்பது அடிக்கு மேற்பட்ட நீள்சுருளாக்கினார். இத்தகைய அரிய பணிகள் நிகழ்ந்தது உண்மை.

மனிதரைப் படமெடுத்த முறையோ வேறாக இருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் அரசு வெளியீடு, மக்களைச் சாதி, குலம் என வகைப்படுத்தி 468 படங்களில் அடக்கிற்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை விளங்கிய எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகளால் அளந்தார்; படமும் எடுத்தார். அவர் ரங்காச்சாரியாருடன் இணைந்து தொகுத்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அந்நூல் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகிறது. ஆயினும் அதன் படங்களில் நிற்போர்க்குப் பெயர் இல்லை. குலத்தின் பெயரே உண்டு. நிற்கும் கோணமும் நோக்கும் திசையும் பிறரால் முடிவு செய்யப்பட்டவை. படம் இலண்டன் நூலகத்திற்கும் அருங்காட்சியகத்திற்கும் சென்றது. நின்றவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

சந்தைக் கூடாரத்தில் நின்ற ஐரோப்பிய உழைப்பாளி ஒரு வெள்ளிக்காசு கொடுத்துத் தன் முகத்தைத் தானே வீட்டிற்கு எடுத்துச் சென்றான். அருங்காட்சியகத்தில் நின்ற தென்னாட்டு உழைப்பாளியின் முகம் அவனிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. கருவி ஒன்றே, களம் வேறு. களத்திற்கேற்பக் கருவியின் அறமும் வேறாயிற்று.

எம்டனும் செனட் மாளிகையும்

எடின்பரோக் கோபுரத்தின் கெட்டிசைச் சென்னையோடு இணைக்கும் நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. உலக நகரங்களின் வரலாற்றையும் வளர்ச்சியையும் வரைபடங்கள், ஓவியங்கள், நிழற்படங்கள் வழியே விளக்கும் பொருட்காட்சி ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் அது இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய ‘எம்டன்’ போர்க்கப்பலை அறியாத தமிழர் இலர். தந்திரமும் துணிவும் மிக்கவனை ‘எம்டன்’ என்னும் வழக்கே அதனால் பிறந்தது. அதே எம்டன் அக்டோபர்த் திங்களில் ‘கிளான் கிராண்ட்’ என்னும் வணிகக் கப்பலை மூழ்கடித்தது. கெட்டிசின் பொருட்காட்சி முழுவதும் அக்கப்பலில் இருந்தது.

பல ஆண்டு உழைப்பு கடலில் ஆழ்ந்த பின்னரும் கெட்டிஸ் திரும்பிச் செல்லவில்லை. நண்பர்கள் புதிய படங்களையும் வரைபடங்களையும் திரட்டி அனுப்பினர். 1915 ஜனவரியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையில் அப்பொருட்காட்சி திறக்கப்பட்டது. இராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் கட்டி முடிக்கப்பெற்ற அம்மாளிகை, பட்டம் பெறுவோர் கூடும் இடமாக இருந்தது. அதில் நகர மக்கள் தம் நகரைப் பற்றிச் சிந்திக்கும் காட்சி அமைந்தது.

கெட்டிஸ் தென்னாட்டுக் கோயில் நகரங்களை வியந்து எழுதியவர். விழாவின் ஆற்றலை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்கு இந்தூர் நகர நிகழ்ச்சி சான்றாகும். 1917இல் கொள்ளைநோய் பரவிய அந்நகரைத் தூய்மை செய்ய ஆணைகளை நம்பாமல், தீபாவளியை ஒட்டி ஓர் ஊர்வலத்தை நடத்தினார். நோய் பரப்பும் எலியின் பேருருவம் அதில் இடம்பெற்றது. ஊர்வலம் செல்லும் வழி, தூய்மையான தெருக்களை நோக்கியே அமையும் என அறிவிக்கப்பட்டதால் மக்கள் தம் தெருக்களைத் தாமே துப்புரவாக்கினர். காட்சியில் பங்கு பெற்ற மக்கள் செயலிலும் பங்கு பெறுவர் என்பதே கோபுரத்திலும் ஊர்வலத்திலும் அவர் கண்ட உண்மை.

நம் ஊர்ப் பொருட்காட்சிகள்

தமிழகத்தில் சந்தைக் கூடாரத்தின் பணியை ஆற்றியவை திருவிழாக் கடைகளும் பொருட்காட்சிக் கடைகளுமாகும். மதுரைச் சித்திரைத் திருவிழாவை ஒட்டித் தமுக்கம் திடலிலும், சென்னைத் தீவுத்திடலிலும் நடைபெறும் பொருட்காட்சிகளில் நிழற்படக் கடைக்குத் தனியிடம் இருந்தது. திரைச்சீலையில் தாஜ்மகாலும் மாளிகைப் படிக்கட்டும் வரையப்பட்டிருக்கும். அட்டையில் செய்த மகிழுந்தும் வானூர்தியும் பிறைநிலவும் காத்திருக்கும். விரும்பிய திரை நடிகரின் ‘கட்-அவுட்’ அருகில் தோள்மேல் கை போட்டு நிற்கலாம். பேருந்தேறிப் பொருட்காட்சிக்கு வந்த குடும்பம் வானூர்தியில் பறந்து வீடு திரும்பியது. சான்றாகப் படமும் சுவரில் தொங்கியது.

இப்படங்களைப் பொய்த்தோற்றம் என்று இகழ்வோர் உண்டு. அவ்வாறு கருதுவது முறையன்று. அளவுகோலின் முன் நிறுத்தப்பட்டவரின் பெயரன் பெயர்த்தியர் இங்குத் தாம் விரும்பிய கோலத்தில் தாமே வந்து நின்றனர். கை வைக்கும் இடம், கட்டும் சேலை, உடன் நிற்கும் உறவு, பின்னணிச் சீலை ஆகிய அனைத்தையும் அவர்களே தேர்ந்தனர். நாடக மேடையில் அரசனாக நின்ற கூத்தனைப் பொய்யன் என்று எவரும் கூறுவதில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் ஆசைகளை அறிய இப்படங்களைவிட நேரிய ஆவணம் வேறில்லை.

இத்தகைய படங்களின் மூலத்தகடுகள் பல, கடைகள் மூடப்பட்டபோது கைவிடப்பட்டன. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்து, பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியுடன், தமிழகப் பழைய நிழற்பட நிலையங்களின் தொகுப்புகளை எண்ணிமமாக்கும் பணி நடைபெற்றது பாராட்டுக்குரியது. கல்வெட்டும் ஓலையும் போல இவையும் தமிழர் வரலாற்று மூலங்கள் என்பதை அப்பணி உணர்த்திற்று.

தெருவிற்குத் திரும்பிய படம்

இருபதாம் நூற்றாண்டில் நிழற்படம் கலையாக மதிக்கப்பெற்று அருங்காட்சியகச் சுவரில் ஏறியது. மதிப்பு உயர்ந்தது, ஆனால் வினாவும் விடையும் அடங்கின. ‘தொடாதீர்’ என்னும் அறிவிப்பு படத்திற்கும் மக்களுக்கும் இடையே நின்றது. இந்நிலைக்கு எதிராகப் படத்தை மீண்டும் மக்களிடம் கொண்டு செல்லும் முயற்சிகள் 1970களில் கிளர்ந்தன.

இங்கிலாந்தில் டேனியல் மெடோஸ் என்னும் இளைஞர் 1972இல் மான்செஸ்டரின் உழைப்பாளர் பகுதியான மாஸ் சைடில் சிறு கடை ஒன்றில் இலவசப் படநிலையம் நடத்தினார். 1973 முதல் 1974 வரை பழைய இரட்டைமாடிப் பேருந்தில் நாடு சுற்றினார். அப்பேருந்தே அவர்க்கு வீடும் இருட்டறையும் காட்சிக்கூடமுமாயிற்று. பத்தாயிரம் மைல் பயணத்தில் 22 ஊர்களில் 958 பேரைப் படமெடுத்து, ஒவ்வொருவர்க்கும் படியை விலையின்றி வழங்கினார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, படத்தில் நின்றவர்களுள் சிலரைத் தேடிக் கண்டு மீண்டும் படமெடுத்தார். படியைக் கொடுத்ததால் பிறந்த உறவே அத்தேடலுக்கு வேராயிற்று.

வங்கதேசத்தின் டாக்காவில் ஷஹிதுல் ஆலம் 1989இல் ‘திரிக்’ என்னும் நிழற்பட நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வழியே 2000 முதல் ‘சோபி மேளா’ என்னும் பன்னாட்டு நிழற்பட விழா நடைபெற்று வருகிறது. கண்காட்சிக் கூடத்தின் வாயிலைத் தாண்டத் தயங்குவோர்க்காக, படங்களை மிதிவண்டிச் சரக்கு ரிக்‌ஷாக்களில் கட்டித் தெருக்களுக்கும் சந்தைகளுக்கும் கொண்டு சென்றனர். பெட்டிக்காரர் ஊர்தோறும் வந்த பழைய மரபு இங்குப் புத்துருப் பெற்றது. விழாவிற்கு ‘மேளா’ என்றே பெயரிட்டதும் பொருளுடையது.

பிரெஞ்சுக் கலைஞரான ஜேஆர் 2011இல் தொடங்கிய ‘இன்சைட் அவுட்’ திட்டத்தில், படக்கூண்டு பொருத்திய ஊர்திகள் ஊர்களுக்குச் செல்கின்றன. உள்ளே சென்றவர் சில நொடிகளில் தம் முகம் பெருஞ்சுவரொட்டியாக வெளிவருவதைக் காண்பார். அதனைத் தெருவிலோ சுவரிலோ பலர் கூடி ஒட்டுவர். தலைவர்களின் படங்களே நிறைந்திருந்த சுவர்களில், துனீசியப் புரட்சிக்குப் பின் 2011இல் பொதுமக்களின் முகங்கள் ஒட்டப்பட்டபோது, அம்மக்களுள் சிலர் அவற்றைக் கிழித்ததும் உண்டு. சுவரில் யார் முகம் இருக்கலாம் என்னும் வழக்கு தெருவிலேயே நடந்தது. பங்கேற்பு என்பது எப்போதும் இனிமையாகவே முடிவதில்லை என்பதற்கும் இது சான்று.

சென்னையில் 2016இல் நிழற்படப் ‘பியன்னாலே’, ஈராண்டுக்கொரு முறை என்னும் குறிக்கோளுடன் தொடங்கப்பெற்றது. இதன் இரண்டாம் விழா 2019இல் நடைபெற்றபோது, பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா அதனைத் தொகுத்தமைத்தார். விழாவின் முதன்மைக் களம் அதே செனட் மாளிகை. கெட்டிசின் படங்கள் தொங்கி நூற்றுநான்கு ஆண்டுகளுக்குப் பின் அம்மாளிகை மீண்டும் நிழற்படங்களுக்காகத் திறக்கப்பட்டது. புஷ்பமாலாவின் சொந்தப் படைப்பும் ஈண்டு கருதத்தக்கது. கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய தென்னிந்தியப் பெண்கள் பற்றிய படத்தொடரில், குடியேற்றக் கால அளவெடுப்புப் படம் ஒன்றைத் தாமே வேடமிட்டு மீண்டும் நடித்துக் காட்டினார். கட்டம் போட்ட பின்னணியும் அளவுகோலும் அதில் உள்ளன. ஆனால் முன்னே நிற்பவள் தானே விரும்பி நிற்கிறாள். வேடத்தைத் தானே தேர்ந்திருக்கிறாள். அளவுகோலை விளையாட்டுப் பொருளாக்கியதன் வாயிலாக அதன் அதிகாரம் நகைப்புக்குள்ளாயிற்று. சந்தைப் படக்காரரின் துளையிட்ட பலகைக்கும் இப்படைப்பிற்கும் உறவு நெருங்கியது.

முடிவுரை

விழாக்களத்தில் மக்கள் நிழற்படத்தோடு கொண்ட உறவு மூன்று படிகளாக வளர்ந்துள்ளது. இருட்டறையிலும் உருளையிலும் மக்கள் காட்சியைத் தொட்டும் சுழற்றியும் கண்டனர். சந்தைக் கூடாரத்திலும் பொருட்காட்சிக் கடையிலும் படத்தின் உள்ளே புகுந்தனர். பேருந்திலும் ரிக்‌ஷாவிலும் தெருச் சுவரிலும் படத்திற்கு உரியவராயினர். இம்மூன்றும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. எடின்பரோ மேசையில் தாள் ஏந்தும் சிறுவனும் சுவரொட்டிக்குப் பசை தடவும் மூதாட்டியும் ஒரே மரபினர்.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் அனைவரும் படக்காரரே. வணிக வளாகத்திலும் புத்தகக் காட்சியிலும் தற்படம் எடுப்பதற்கென இடம் ஒதுக்கி அலங்காரம் செய்கின்றனர். துளையிட்ட பலகையின் வழித்தோன்றல்களாகவே அவை காட்சியளிக்கின்றன. ஆயினும் அவற்றுள் பல, நிற்பவரின் முகத்தோடு நிறுவனத்தின் சின்னத்தையும் ஊருக்குப் பரப்பும் விளம்பரங்களாக அமைகின்றன. சந்தைப் படக்காரர் காசு பெற்றுக்கொண்டு முகத்தை உரியவரிடம் கொடுத்தார். இங்குக் காசு கேட்கப்படுவதில்லை, முகமே விலையாகிறது. தர்ஸ்டன் காலத்து வினா வேறு உருவில் திரும்பியுள்ளது.

எனவே கலைவிழா நடத்துவோர், சிற்றூர் நூலக விழாவாயினும் பள்ளி ஆண்டுவிழாவாயினும், நிழற்படத்திற்கு இடமளிக்கையில் சிலவற்றை மேற்கொள்ளலாம். ஒரு வகுப்பறையின் சாளரங்களைக் கறுப்புத் தாளால் மூடிச் சிறு துளையிட்டால் இருட்டறை ஆயத்தமாகிவிடும். பள்ளி மரம் சுவரில் தலைகீழாக ஆடும். ஊர்ப் பெரியவர்களின் பழைய பொருட்காட்சிப் படங்களைப் பரப்பி வைத்து, அவற்றில் நிற்போர் யாவர் என இளையோரை வினவச் செய்யலாம். பரங்குன்ற மண்டபத்தில் எழுந்த வினாக்கள் அங்கு மீண்டும் எழும். விழாவில் எடுக்கப்படும் ஒவ்வொரு படத்தின் படியும் அதில் நிற்பவர் கைக்கே சென்று சேர வேண்டும் என்பதைக் கட்டாய நெறியாகக் கொள்ளலாம். இவற்றிற்குச் செலவு சிறிது, பயன் பெரிது. தன் முகத்தைத் தன் கையில் ஏந்தி விழாவிலிருந்து வீடு திரும்புபவரே அக்கலையின் மெய்யான புரவலர் ஆவர்.